பின்கதவுக் கம்பி

ஹெல்மொண்ட், நெதர்லாந்து
11.01.2026

தனு,

நீ போன் எடுக்காமல் விட்டு இன்றோடு இருபத்தேழு நாள். செய்தி அனுப்பினால் பார்த்த அடையாளம் மட்டும் விழுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் வாசித்துவிட்டுக் கிழி.

அம்மா போய் நாற்பத்தாறு நாள். செத்த வீட்டுக்கு வந்து நின்ற ஆறு நாளில் புருஷனாக உன்னோடு தனியே ஒரு சொல் பேச முடியவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் எல்லாரும் இருக்கக் கேட்டுவிட்டேன். "நீ மட்டும் எப்பிடி வெளியில வந்தாய்?" தங்கச்சி மேனுகாவின் புருஷன்கூட அண்ணை இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றான். கேட்ட இடம் பிழைதான். கேள்வி பிழை என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

நான்கு வருடமாக இந்த மின்சாரக் கார்க் கொம்பனியில் கதவுப் பூட்டுத்தான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். வெளிப்பிடி உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும், தொட்டால்தான் வெளியே வரும். காற்று தடைபடாமல் ஓடுவதால் ஒரு சார்ஜில் பதினொரு கிலோமீற்றர் கூடப் போகலாம். எல்லாம் மின்சாரத்தில் இயங்குவதால் மின்சாரம் செத்தால் என்ன செய்வது என்று முதலில் யோசித்தவர்களும் நாங்கள்தான். முன்கதவில் யன்னல் பொத்தானுக்குக் கீழே ஒரு நெம்பு இருக்கிறது. பின்கதவில் சாமான் வைக்கும் பையின் அடியில் ஒரு சின்ன மூடி. அதைக் கிளப்பினால் உள்ளே கம்பி. இழுத்தால் கதவு திறக்கும். கார் உன்னிடம் வந்த கிழமை வீடியோவில் உனக்கு அதைக் காட்டினேன். இங்கே நின்ற காரில் நானே ஏறி இருந்து இழுத்துக் காட்டினேன். நீ தலையாட்டினாய்.

முன் நெம்பு உனக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பின் கம்பி வரவில்லை. பதறிப்போனால் யாருக்கும் மறக்கும், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் திடீர் மரண விசாரணையில் கதவு திறபடவில்லை என்று சொல்லியிருக்கிறாய். அது கதவைப் பற்றிய பேச்சு. கொம்பனியில் கேட்கிறார்கள். மறந்துபோனேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் எல்லாருக்கும் நல்லது.

சாப்பிடுகிறாயா என்றும் கேட்க நினைத்தேன்.

உதயன்


கிரான்
29.01.2026

உதயரூபனுக்கு,

மறந்துபோனேன் என்று எழுதித் தர மாட்டேன்.

நடந்ததைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். இடையில் குறுக்கே பேச உங்களால் முடியாது.

நவம்பர் இருபத்தாறாம் திகதி பகல் பதினொன்றரைக்கு மாமியை ஆசுப்பத்திரியால் வெளியே விட்டார்கள். இடது கண்ணில் வெள்ளைப் புரை எடுத்து மூடிக் கட்டியிருந்தது. மேனுகா தன் வீட்டுக்கு, செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். தெற்கால போகிற அந்த வழியில் வெள்ளம் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். மணிக்கு ஒருக்கால் மருந்து விட வேண்டும், எனக்குக் கம்பசில் லீவு கிடைத்திருக்கிறது, மேனுகாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். அம்மாவை உன்னோட வச்சுக்கொள் என்று நீங்கள் முதல்நாள் போனில் சொல்லியிருந்தீர்கள். அதுவும் ஒரு காரணம். இதை யாரிடமும் சொல்லவில்லை.

வந்தாறுமூலை தாண்டியதும் பெரிய றோட்டில் மரம் விழுந்து கிடந்தது. பொலிஸ் வாகனங்களைத் திருப்பிவிட்டது. முன்னால் போன இரண்டு வான்களும் வயல் வட்டைக்குள் இறங்கும் வாய்க்கால் கட்டு றோட்டால் போயின. நானும் அவர்களுக்குப் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை, ஒரே தண்ணி. மாமி பின்சீட்டில் இடது பக்கம். முன்னால் இருந்தால் சீட் பட்டி கழுத்தை அறுக்குது என்று அவ ஒருநாளும் முன்னால் ஏறுவதில்லை. வழியெல்லாம் அவ மருத்துவிச்சியாக இருந்த காலத்தில் வெள்ளத்துக்குள் பிள்ளை பெறுவித்த கதை சொல்லிக்கொண்டு வந்தா.

கட்டின் ஓரம் கரைந்திருந்தது. இடது சில்லு இறங்கியது. கார் மெதுவாகச் சரிந்து வாய்க்காலுக்குள் படுத்தது. மோதல் ஒன்றும் இல்லை. படுக்க வைத்த மாதிரித்தான். திரை ஒருக்கால் மினுங்கி அணைந்தது. யன்னல் இறங்கவில்லை. என் கதவு மேல் பக்கம் இருந்தது, நெம்பைப் பிடித்து முதுகால் தள்ளி வெளியே வந்தேன். வந்தது அப்படித்தான்.

மாமிக்குத் தண்ணி இடுப்பளவில் இருந்தது. நான் காருக்கு மேலே ஏறி வலது பின்கதவின் பிடி இருக்கும் இடத்தைத் தேடினேன். அது தகரத்தோடு தகரமாகக் கிடந்தது, நகம் வைக்க இடமில்லை. திரும்ப உள்ளே குனிந்து முன்சீட்டுக்கு மேலால் கையை நீட்டிப் பின்கதவின் பையைத் தடவினேன். நீங்கள் காட்டிய மூடி ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. பையின் அடி வழுவழுப்பாக இருந்தது. மூடி இல்லை. மற்றக் கதவு தண்ணிக்குள். அதை மாமி தானே தடவிப் பார்த்தா. "இதுக்குள்ள ஒண்டும் இல்ல மகள்" என்றா.

முன்னுக்கு இழுக்கப் பார்த்தேன். சீட்டும் தலைமாடும் ஒன்றாக உயர்ந்து நிற்கின்றன. உங்கள் அம்மாவின் உடம்பு உங்களுக்குத் தெரியும். தோள் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கட்டின் மேல் கிடந்த கல்லால் கண்ணாடியை அடித்தேன். வெடித்து வலைபோல நின்றதே தவிர விழவில்லை. சத்தம் உள்ளே வராமல் இருக்க இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்ரிக் வைத்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

தண்ணி நெஞ்சுக்கு வந்தபோது மாமி சொன்னா: "மகள், எனக்கு மூச்சு வாங்க இன்னும் இடம் கிடக்கு. நீ போய் ஆரையும் கூட்டித்து வா."

நான் ஓடினேன். இதுதான் நான் செய்தது. அவவை விட்டுவிட்டு ஓடினேன். அசனார் காக்கா என்ற ஏறாவூர்க்காரரின் உழவு மெசின் ஒரு வளைவுக்கு அங்கால் நின்றது. இரும்பு அலவாங்கோடு அவர் வந்து கண்ணாடியைக் கிழித்தபோது உள்ளே இடம் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது.

தனுஷியா


ஹெல்மொண்ட்
16.02.2026

தனு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நீ எழுதிய மற்றது எல்லாவற்றையும் நம்புகிறேன். ஓடினாய் என்பதற்கு உன்னை நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மூடி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்க விருப்பம் இல்லை என்று நினைக்காதே. எனக்குத் தெரிந்த கதவு அது.

அன்றைக்கே சோதனை மண்டபத்துக்குப் போனேன். எங்கள் மாதிரிக் கார்கள் ஆறு அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்சீட்டிலும் ஏறி இருந்து பையின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். ஆறிலும் மூடி இருக்கிறது. ஆறிலும் கம்பி இழுபடுகிறது. காவலாளி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டான். கதவு பார்க்கிறேன் என்றேன்.

சேறு ஏறி மூடி மறைந்திருக்கலாம். கம்பி உள்ளே கழன்று போயிருக்கலாம். அப்படியானால் அது பொருத்தியவர்களின் பிழை, அதையும் நான் இங்கே சொல்ல வேண்டும். கார் இன்னும் பொலிஸ் முற்றத்தில்தானே நிற்கிறது. வேலை தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பின்கதவின் உள் தட்டைக் கழற்றிப் பார். இதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

போன கிழமை அடுத்த காரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். 2029இல் வரப்போவது. அதில் பிடி என்று ஒன்றும் இல்லை, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. முகத்தைப் பார்த்துக் கதவு தானே திறக்கும். நான்கு சில்லுக்குள்ளும் நான்கு மோட்டர், ஸ்டியரிங்கை மடித்து உள்ளே தள்ளலாம், உள்ளே ஒரு வரவேற்பறை மாதிரி இருக்கும். படங்கள் அழகாக இருந்தன. என் முறை வந்தபோது எழும்பி நின்றேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

சட்டப் பிரிவு ஒரு கடிதம் தந்திருக்கிறது. இந்த விபத்தைப் பற்றி வெளியே யாரோடும் பேசக் கூடாதாம். மனைவியும் வெளியே என்றுதான் அதில் இருக்கிறது.

உதயன்


கிரான்
05.03.2026

உதயரூபனுக்கு,

நீங்கள் கேட்டதைச் செய்தேன். உங்களுக்காக அல்ல.

காத்தான்குடியில் இல்ஹாம் என்று ஒருவர் இருக்கிறார். ஹைபிரிட் கார்களின் பற்றரிகளைப் பிரித்துப் புதுக்குவதில் இந்தப் பக்கத்தில் அவரைவிட ஆள் இல்லை. இப்போது முழு மின்சாரக் கார்களும் அவரிடம்தான் வருகின்றன. என் வழக்கறிஞர் அனுமதி எடுத்துத் தந்தார். செவ்வாய்க்கிழமை காலை போனோம். ஒரு பொலிஸ்காரர் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்.

கார் உள்ளே புல் முளைத்திருக்கிறது. நான் கிட்டப் போகமாட்டேன் என்று நினைத்திருந்தேன், போனேன்.

இல்ஹாம் வலது பின்கதவின் தட்டைக் கழற்றினார். பூட்டைக் காட்டினார். அதில் கம்பி கொளுவுவதற்கு ஒரு காது இருக்கிறது, காது வெறுமையாக இருந்தது. தகரத்தில் கம்பி போவதற்கு இரண்டு ஓட்டை. இரண்டிலும் கறுப்பு றப்பர் அடைத்திருந்தது. அவர் விரலால் அதைப் பிதுக்கி எடுத்து என் கையில் வைத்தார். இடது கதவையும் கழற்றினார். அங்கேயும் அதே இரண்டு றப்பர்.

"கழண்டு போகல்ல தங்கச்சி" என்றார். "இது போடவே இல்ல."

பொலிஸ்காரர் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பூட்டில் ஒட்டியிருந்த இலக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன், படங்களும் இருக்கின்றன.

நான் இருக்கும் நிலை உங்களுக்குத் தெரியாது, அதையும் எழுதுகிறேன். கவனயீனமாக வாகனம் ஓட்டி மரணம் விளைவித்தது என்று வழக்கு. சாரதி அனுமதிப்பத்திரம் கோர்ட்டில். மாவட்டத்தை விட்டு வெளியே போவதானால் அறிவிக்க வேண்டும். சித்திரையில் உங்களிடம் வர எடுத்த விசாவும் போயிற்று. மச்சாள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினா என்று மேனுகா வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். நீங்கள் செத்த வீட்டில் கேட்ட கேள்வியைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள், அவளில் பிழை இல்லை. கம்பசில் ஆய்வுகூடத்துக்குள் நான் போனால் பேச்சு நிற்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போவதில்லை, ஆனால் திரும்பிப் பார்க்கிறார்கள். வீட்டில் என் அப்பா மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது என்று சில நேரம் இருக்கும். கதவு மூடிய அறையில் இப்போது என்னால் இருக்க முடியாது. கழிப்பறைக்குக்கூடத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த ஓட்டைகளை யாரோ வேண்டுமென்று அடைத்திருக்கிறார்கள். அடைக்கச் சொன்னது யார்?

தனுஷியா


ஹெல்மொண்ட்
22.03.2026

தனு,

நான்.

உன் கடிதம் வந்த அன்று பூட்டின் இலக்கத்தை எங்கள் பதிவில் போட்டுப் பார்த்தேன். மாற்றத் தாள் ஒன்று வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தியது. காரைப் பல நாடுகளுக்கு அனுப்பும்போது எங்கே எதைக் குறைக்கலாம் என்று எழுதும் தாள். மூன்றாம் தொகுதி நாடுகள் என்று தலைப்பு. மொத்தம் பத்தொன்பது மாற்றங்கள். பதினொன்று: பின்கதவுக் கம்பி நீக்கம். பன்னிரண்டு: மின்சாரம் போனபின் பூட்டைப் பத்து நிமிடம் உயிரோடு வைக்கும் சிறு பற்றரி நீக்கம். காரணம்: அந்த நாடுகளில் சட்டத் தேவை இல்லை. இரண்டையும் எடுத்தால் ஒரு காருக்கு அறுநூற்று நாற்பது கிராம் குறையும்.

கீழே மூன்று ஒப்பம். மூன்றாவது என்னுடையது.

வாசிக்காமல் ஒப்பமிட்டேன் என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். வாசித்தேன் தனு. பூட்டைப் பற்றியது என்பதால் என்னிடம்தான் விளக்கமும் கேட்டார்கள். பின்னால் இருப்பவர் வேறு எப்படி வெளியேறலாம் என்று தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியவன் நான். "முன்சீட்டுகளுக்கு மேலால் ஏறி முன்கதவால் வெளியேறலாம்." இதுதான் நான் எழுதிய வரி. எழுதுமுன் சோதித்தோம். இருபத்தெட்டு வயதுப் பொடியன் ஒருவன், எங்களோடு வேலை செய்பவன், பின்னால் இருந்து முன்னால் தாவி வந்தான். ஒன்பது விநாடி. சிரித்துக்கொண்டு வந்தான். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாம் தொகுதியில் எந்தெந்த நாடு என்று ஒரு பட்டியல் உண்டு. அதை நான் திறந்து பார்க்கவில்லை. அடுத்த வருடம் இலங்கையில் கார் இறக்குமதிக்கு வழி திறந்தபோது கொழும்பு முகவரோடு பேசி, என் கதவு உள்ள கார் என்று பெருமைப்பட்டு, உனக்கு அதை எடுத்துத் தந்தேன். அப்போதும் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன். பதினாறாவதாக நமது நாடு.

இல்லாத ஒன்றை நீ தேடினாய். நான் உன்னிடம் மறந்துபோனேன் என்று எழுதித் தரச் சொன்னேன்.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தினமும் காலையில் அதைத்தான் முதலில் யோசிக்கிறேன். அம்மாவை இரண்டாவதாகத்தான்.

உதயன்


கிரான்
09.04.2026

உதயரூபனுக்கு,

வாசித்தேன். நீங்கள் பொய் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அதற்கு மேல் இப்போது என்னிடம் இருந்து ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வழக்கறிஞரிடம் காட்டவில்லை. காட்டினால் என் வழக்கு இலேசாகும். ஆனால் அது எனக்கு எழுதியது. நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மே பன்னிரண்டாம் திகதி வழக்கு. அதற்கு முன் உங்கள் வாக்குமூலம் நீதவானுக்குப் போய்ச் சேர வேண்டும். மேனுகாவுக்கு அதற்கும் முன். அவளுக்கு நான் சொன்னால் நான் தப்பச் சொல்கிறேன் என்பாள்.

இன்னொன்று. இதே கார் இந்த மாவட்டத்தில் இன்னும் நான்கு ஓடுவதாக இல்ஹாம் சொல்கிறார். ஒன்று ஏறாவூரில், ஆறு பேர் உள்ள வீடு. மழைக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. உங்கள் கொம்பனி திருப்பி எடுக்கும் வரை அவர்கள் காத்திருக்க முடியாது. அந்தப் பூட்டில் கம்பியை எப்படிக் கொளுவுவது, எவ்வளவு இழுவை வேண்டும், பிள்ளைகள் ஓடும்போது இழுத்தால் திறக்காமல் இருக்க என்ன செய்வது என்று வரைபடம் வேண்டும் என்கிறார். பார்த்துச் செய்யலாம், ஆனால் பிழைத்தால் ஓடும் காரில் கதவு திறந்துவிடும், அது மற்ற ஆபத்து என்கிறார்.

படம் உங்கள் கையில் இருக்கிறது. அனுப்பக் கூடாது என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். நீங்கள் முடிவெடுங்கள்.

தனுஷியா


ஹெல்மொண்ட்
25.04.2026

தனு,

மூன்று நாள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். நான்காம் நாள் மேனுகாவுக்கு எடுத்தேன். தாளில் இருந்ததைச் சொன்னேன், ஒப்பத்தைச் சொன்னேன், அந்த வரியையும் சொன்னேன். பிறகு கேட்டாள், "அப்ப மச்சாள் சொன்னது முழுக்க உண்மையா?" ஓம் என்றேன். "பொலிசில நான் சொன்னத இனி என்னெண்டு திருப்பி எடுக்கிற அண்ணா?" அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அடுத்த நாள் எடுத்தேன், போன் மூடியிருந்தது.

நீதவானுக்கு எழுதிய வாக்குமூலத்தை இங்குள்ள சட்டத்தரணி முன் ஒப்பமிட்டு, உன் வழக்கறிஞருக்கு அனுப்பினேன். மாற்றத் தாளின் பிரதி அதில் இல்லை. அதை வெளியே எடுத்தால் திருட்டு என்று சட்டத்தரணி தடுத்தார். ஆனால் தாளின் இலக்கம் இருக்கிறது, கோர்ட் கேட்டால் கொம்பனி கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பிறகு நானே என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆள் கெட்டவர் இல்லை. "நானும் ஒப்பமிட்டேன்" என்றார். முதலாவது ஒப்பம் அவருடையது.

மத்தியானத்துக்குள் என் அட்டையை வாங்கிவிட்டார்கள். கணினியும் போயிற்று. விசாரணை முடியும் வரை வேலைக்கு வரக் கூடாது, நாட்டை விட்டுப் போவதானால் அறிவிக்க வேண்டும். வேலை முழுதாகப் போனால் அதன்பின் மூன்று மாதம் இங்கே இருக்கலாம். அறையில் இருக்கிறேன். இந்த அறையின் யன்னல் நான்கு விரல் அளவுதான் திறக்கும், மூன்று வருடமாக அதைக் கவனிக்கவில்லை.

படம் இத்துடன் இருக்கிறது. கணினி இல்லாததால் ஞாபகத்தில் இருந்து கையால் வரைந்தேன். இரண்டு மில்லிமீற்றர் உருக்குக் கம்பி போதும். கார் ஓடும்போது இழுத்தால் திறக்காமல் இருக்க இரட்டை இழுவை வைத்திருக்கிறேன், முதல் இழுவை பூட்டை விடுவிக்கும், இரண்டாவது கதவைத் திறக்கும். இழுக்கும் வளையம் பழைய இடத்திலேயே, பையின் அடியில். இல்ஹாமுக்கு விளங்காத இடம் இருந்தால் எழுதச் சொல்.

சட்டத்தரணி என்னை ஊருக்குப் போகவேண்டாம் என்கிறார். போனால் திரும்ப விடமாட்டார்கள். நான் வரட்டா, தனு?

உதயன்


கிரான்
17.05.2026

உதயரூபனுக்கு,

பன்னிரண்டாம் திகதி உங்கள் வாக்குமூலத்தைத் திறந்த கோர்ட்டில் வாசித்தார்கள். முன்சீட்டுக்கு மேலால் ஏறி என்ற வரியை வாசித்தபோது நீதவான் நிறுத்தச் சொன்னார். இறந்தவருக்கு எத்தனை வயது என்று கேட்டார். அறுபத்திமூன்று என்றார்கள். கண்ணில் கட்டு இருந்ததா என்று கேட்டார். ஓம் என்றார்கள். எழுதிக்கொண்டார். மாற்றத் தாளை அனுப்பச் சொல்லிக் கொம்பனிக்கு அறிவித்தல் போகிறது. என்னை இன்னும் விடுவிக்கவில்லை. வெள்ளத்துக்குள் கட்டு றோட்டால் போனது சரியா என்பது வேறு கேள்வி என்றார், அது நியாயம். யூலை பதினான்காம் திகதிக்குத் தள்ளிவைத்தார்.

மேனுகா வந்திருந்தாள். தன் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தாள். என்னோடு பேசவில்லை. வெளியே மழைத் தூறலில் பஸ்ஸுக்கு நின்றபோது குடையை என் பக்கம் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். அவளுடைய பஸ் முதலில் வந்தது, போய்விட்டாள்.

வரட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யூலை பதினான்கு என்று நீதவான் சொன்னார், அந்தக் கோர்ட்டுக் கூண்டில் நிற்க வேண்டியவர் நீங்கள். அதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். எனக்காக என்று மட்டும் வராதீர்கள். வந்தால் செட்டிபாளையத்தில் நில்லுங்கள். இந்த வீட்டைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் நாள் வருமா என்றும் தெரியாது.

உங்கள் படம் சரியாக வந்து சேர்ந்தது. நேற்று முதலாவது காரைச் செய்தோம், ஏறாவூர்க் கார். இல்ஹாமின் முற்றத்தில், காலையில். சைக்கிள் பிரேக் கம்பிதான் போட்டார், நீங்கள் சொன்ன அளவு. கொளுவி முடித்து, பற்றரியைக் கழற்றி, ஒரு பின்கதவைத் தவிர மற்றக் கதவுகளைச் சாத்தினார். யார் ஏறிப் பார்ப்பது என்று நின்றபோது நான் ஏறுகிறேன் என்றேன். இல்ஹாமுக்கு விருப்பம் இல்லை. அவருடைய மனைவி ஷாகிரா கண்ணாடிக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு நின்றா. கதவு சாத்தியதும் வெளிச் சத்தம் நின்றது. வளையத்தைத் தேடக் கை போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று ஷாகிராவுக்குத்தான் தெரியும். பிறகு குனிந்து இழுத்தேன். இரண்டாம் இழுவையில் திறந்தது.

அதோடு வேலை முடிந்தது என்று இல்ஹாம் சாமான்களை எடுத்து வைத்தார். கார்க்காரரின் உம்மா, சபூரா என்று பெயர், கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. "நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டே" என்றா. பாரமான உடம்பு, முழங்கால் மடிக்க ஏலாது. ஏற்றிச் சாத்தினோம். உள்ளே அவ குனியப் பார்ப்பது தெரிந்தது. வயிறு இடித்தது. கை பையின் வாய்க்குப் போனது, அடிக்குப் போகவில்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டுத் தலையை ஆட்டினா. நாங்கள் பற்றரியைத் திரும்பக் கொளுவி வெளியில் இருந்து திறந்துவிட்டோம்.

இறங்கி வந்து, "கீழ வச்சா ஆருக்கு எட்டும்? தோளுக்கு நேர வைங்கோ" என்றா.

இல்ஹாம் திரும்பத் தட்டைக் கழற்றினார். பின்னேரம் வரை போனது. கம்பியை மேலே எடுத்து, கதவுத் தூணோரம் தோள் உயரத்தில் வளையம் வைத்தோம், சிவப்பு நாடா சுற்றினோம். அழகாக இல்லை. சபூரா உம்மா திரும்ப ஏறினா. சாத்தினோம். குனியாமல் கையை உயர்த்தினா, இழுத்தா, கதவு திறந்தது. இன்னொருக்கால் சாத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தா.

மற்ற மூன்று காரும் வரும் கிழமை வருகின்றன. உங்கள் படத்தில் வளையம் இருக்கும் இடம் பிழை. திருத்தி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மேலதிகாரியிடம் அதைக் கொடுங்கள்.

தனுஷியா